செம்பா, அலுமினியமா?

சென்ற ஐப்பசி அடைமழையின்போது, வெற்றிலைக் கொடிக்கால் வைத்திருக்கும் நம் சங்க அங்கத்தினர் ஒருவர், பழைய அலுமினியக் குண்டான் ஒன்றைச் சாக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நம் அலுவலகத்திற்கு வந்தார். குண்டானின் அடிப்பாகத்தில் ஊசித் துளைகள் பல. உட்புறத்தில் செம்மண் ஒட்டினாற்போல ஒரு படிவு. “ஐயா, கொடிக்குத் தெளிக்க மயில்துத்தத்தை இராத்திரியே இதிலே கரைத்து வைத்தேன். விடிந்து பார்த்தால் பாதி மருந்து தரையிலே போயிருந்தது. மீதியைச் சுண்ணாம்போடு கலந்து ஊற்றினேன். கொடி வாடுவது நிற்கவில்லை. மருந்துக் கடைக்காரர் கலப்படச் சரக்குக் கொடுத்துவிட்டாரோ?” என்று கேட்டார். முப்பது சென்ட் கொடிக்காலில் ஏறக்குறைய பாதி அழிந்துபோயிற்று என்பதைச் சொல்லும்போது அவர் குரல் தழுதழுத்தது.

கடைக்காரர் மீது குற்றமில்லை. மருந்தும் நல்ல மருந்தே. மயில்துத்தத்தில் அடங்கிய செம்புக்கும், குண்டானாய் அமைந்த அலுமினியத்துக்கும் இடையே இரவு முழுவதும் நடந்த ஒரு போரின் விளைவே அது. அந்தப் போரின் காரணத்தை அவருக்கு விளக்கிச் சொல்லுகையில், இவ்வாண்டில் நம்மிடம் வந்த வேறு சில வழக்குகளும் இவ்விரு உலோகங்களைப் பற்றியனவே என்பது நினைவுக்கு வந்தது. பம்பு மோட்டாருக்குக் காயில் கட்டியதில் ஏமாந்த ஒருவர். நூற்கிடங்கிலே கருகல் நாற்றம் எழுந்த ஒரு சங்கம். சரிகை வாங்குவதில் ஐயங்கொண்ட ஒரு நெசவாளர். ஆதலின் நெசவும் பயிரும் தொழிலாகக் கொண்ட நமக்குச் செம்பு எத்தகையது, அலுமினியம் எத்தகையது என்பதைச் சற்று விரிவாகவே எழுதலாம் எனத் துணிந்தோம்.

செம்பு நம் நாட்டுக்கு மிகப் பழைய உறவினன். செந்நிறத்தால் பெயர் பெற்ற அவ்வுலோகத்தின் பெயரே நீர் மொள்ளும் கலத்துக்கும் ஆகி, இன்று எவர்சில்வரில் செய்த கலத்தையும் நாம் செம்பு என்றே அழைக்கிறோம். அரசர் அளித்த கொடைகள் ஓலையில் எழுதினால் செல்லரிக்கும் என்று செப்பேட்டில் பொறிக்கப்பட்டன. 1905-இல் கிடைத்த திருவாலங்காட்டுச் செப்பேடுகள் 31 ஏடுகள் கொண்டவை. சோழர் காலத்து எழுத்து இன்றும் படிக்கும்படி நிற்கிறது. வெள்ளீயம் கலந்தால் வெண்கலம், துத்தநாகம் கலந்தால் பித்தளை. நம் வீட்டுக் குத்துவிளக்கிலும் கோயில் திருமேனியிலும் பெரும்பங்கு செம்புதான்.

அலுமினியத்தின் கதையோ முற்றிலும் வேறு. பூமியின் மேலோட்டில் எடையளவில் நூற்றுக்கு 8 பங்கு அலுமினியம். செம்போ பத்தாயிரத்துக்கு ஒரு பங்குகூட இல்லை. நாம் மிதிக்கும் களிமண்ணிலெல்லாம் அலுமினியம் உண்டு. ஆயினும் அது உயிர்வளியை இறுகப் பற்றிக்கொண்டிருப்பதால், மனிதன் அதனைப் பிரித்தெடுக்க 19-ஆம் நூற்றாண்டு வரையிலும் காத்திருக்க வேண்டியதாயிற்று. 1825-இல் டென்மார்க்கு நாட்டு ஓர்ஸ்டெட் என்பவர் முதன்முதல் சிறு துணுக்கு எடுத்தார். அதன் பின்னரும் அது வெள்ளியோடு ஒப்ப மதிக்கப்பட்ட அரும்பொருளாகவே இருந்தது. 1884-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் நினைவுத் தூணின் உச்சியில், ஏறத்தாழ 2.8 கிலோ எடையுள்ள ஓர் அலுமினியக் கூம்பை வைத்தனர். அக்காலத்தில் அது பெருமைக்குரிய செயல்! இரண்டே ஆண்டுகளில், 1886-இல், அமெரிக்காவில் ஹால் என்பவரும் பிரான்சில் ஹெரூல்ட் என்பவரும், ஒருவரையொருவர் அறியாமலே, மின்சாரத்தின் துணையால் அலுமினியத்தை மலிவாகப் பிரிக்கும் வழியைக் கண்டனர். இருவரும் 1863-இல் பிறந்தவர்கள், இருவரும் 1914-இல் இறந்தவர்கள் என்பது ஒரு விந்தை.

இக்கதையில் நெசவாளருக்கும் ஓர் இடமுண்டு. பாக்சைட் என்னும் மண்ணிலிருந்து தூய அலுமினாவை எடுக்கும் முறையை 1888-இல் வகுத்தவர் கார்ல் யோசப் பேயர் என்னும் ஆஸ்திரிய நாட்டு இரசாயன அறிஞர். அவர் ரஷ்யாவின் பீட்டர்ஸ்பர்க் நகரில் வேலை செய்துகொண்டிருந்தார். அவருடைய நோக்கம் உலோகம் உருக்குவது அன்று. பருத்தித் துணியில் சாயம் பிடிப்பதற்கு வேண்டிய அலுமினாவைச் சாயத் தொழிலுக்குக் கொடுப்பதே நோக்கம். இன்றளவும் உலகின் அலுமினாவில் பெரும்பகுதி அவர் கண்ட வழியில்தான் எடுக்கப்படுகிறது. ஆகாய விமானத்துக்கான உலோகம் சாயப்பட்டறையின் வாசல் வழியாக வந்தது என்று நம்மவர் பெருமை பேசிக்கொள்ளலாம்.

தமிழ்நாட்டில் அலுமினியப் பாத்திரம் பரவியதற்கு ஆல்பிரட் சாட்டர்டன் என்பவர் பெரிதும் காரணர். 1898-இல் சென்னைக் கலைத்தொழிற் பள்ளியில் அவர் அலுமினியப் பாத்திரம் செய்யும் வேலையைத் தொடங்கினார். பல ஊர்களில் இன்றும் இதனை ஈயப் பாத்திரம் என்றே சொல்லுகின்றனர். ஈயம் வேறு, அது நஞ்சு, அலுமினியம் வேறு. பெயர்க் குழப்பத்தால் வீண் அச்சம் கொள்ளுதல் வேண்டாம்.

இனி இரண்டின் இயல்புகளைப் பார்ப்போம். ஒரு லிட்டர் அளவுள்ள செம்புக் கட்டி 9 கிலோவுக்குச் சற்றுக் குறைவாக நிறுக்கும்; அதே அளவு அலுமினியக் கட்டி 2.7 கிலோ மட்டுமே. செம்பு 1,085 பாகை சென்டிகிரேடில் உருகும். அலுமினியம் 660 பாகையிலேயே உருகிவிடும். வெப்பத்தையும் மின்சாரத்தையும் கடத்துவதில் வெள்ளிக்கு அடுத்த இடம் செம்புக்கு. அலுமினியம் அதே பருமனில் செம்பு கடத்தும் மின்சாரத்தில் நூற்றுக்கு 61 பங்கே கடத்தும். சூடேறினால் அலுமினியம் செம்பைவிட அதிகமாக விரியும். செம்பு 17 பங்கு விரிந்தால் அலுமினியம் 23 பங்கு விரியும். இச்சிறு வேற்றுமை பின்னர் எவ்வளவு தொல்லை தருகிறது என்பதைக் காண்போம்.

காற்றில் கிடந்தால் செம்பு கறுக்கும், நாள்பட்டால் களிம்பு ஏறிப் பச்சையாகும். அலுமினியம் அப்படியே இருப்பதுபோல் தோன்றும். உண்மையில் அதுவே இரண்டிலும் விரைந்து உயிர்வளியோடு கூடுவது. சுரண்டிய கணத்திலேயே அதன்மேல் கண்ணுக்குப் புலப்படாத மெல்லிய தோல் ஒன்று படர்ந்து, உள்ளிருக்கும் உலோகத்தைக் காக்கிறது. அத்தோல் உள்ளவரை அலுமினியம் சாது. தோல் கிழிந்தாலோ, கரைந்தாலோ, அதைப்போல் முரடன் இல்லை. காரம் அத்தோலைக் கரைக்கும். உப்பு அதைத் துளைக்கும்.

கம்பி விஷயத்திற்கு வருவோம். நம் விவசாயிகள் பலர், கிணற்றுக்குக் கம்பி இழுக்கையில், அலுமினியம் மட்டம், செம்பு உயர்த்தி என்று பொதுவாகச் சொல்லிவிடுகின்றனர். கணக்குப் போட்டால் வேறு விதமாகத் தெரியும். 4 சதுர மில்லிமீட்டர் தடிப்புள்ள செம்புக் கம்பி 100 மீட்டருக்கு 3½ கிலோவுக்குச் சற்று மேல் நிறுக்கும். அதே மின்சாரத்தை அதே இழப்போடு கடத்த அலுமினியக் கம்பி 6½ சதுர மில்லிமீட்டர் இருக்க வேண்டும். அத்தடிப்பிலும் அதன் எடை 1¾ கிலோதான். எடையில் பாதி, கிலோ விலையிலோ அண்மை ஆண்டுகளில் மூன்றில், நான்கில் ஒரு பங்கு. ஆகவே தொலைதூரம் கம்பி இழுக்கும் மின்வாரியங்கள் அலுமினியத்தை நாடுவது கஞ்சத்தனத்தால் அன்று. கம்பத்துக்குச் சுமை குறைகிறது, செலவும் குறைகிறது. அலுமினியம் இழுவலிமை குன்றியதாகையால் நடுவே எஃகுக் கம்பியை வைத்து அதனைச் சுற்றி அலுமினிய இழைகளை முறுக்குகின்றனர். திருடர்க்கும் செம்பின் மீதுதான் கண் அதிகம். வயற்காட்டு மோட்டார்க் கேபிளை இரவோடிரவாக வெட்டிக் கொண்டுபோவோரால் நம் அங்கத்தினர் பட்ட துயரம் நாமறிவோம்.

ஆனால் தடிப்பைக் கூட்டாமல் செம்பு இருந்த இடத்தில் அலுமினியத்தை வைத்தால் கம்பி சூடேறும், மோட்டாருக்கு வந்து சேரும் மின்னழுத்தம் குறையும். கடையில் 4-க்குப் பின் 6, அதன் பின் 10 என்று அளவுகள் கிடைக்கும். 6 சற்றே போதாது. 10 வாங்குவதே தக்கது.

கம்பியைவிடக் கம்பியின் இணைப்பே பெருந்தீங்கு விளைப்பது. நாம் அறிந்த சங்கம் ஒன்றில் நூற்கிடங்குக்குப் புதிதாக விளக்குப் போட்டார்கள். வெளியே இருந்து வந்தது அலுமினியக் கம்பி. உள்ளே ஓடியது செம்புக் கம்பி. இரண்டின் முனைகளையும் சேர்த்து முறுக்கி நாடா ஒட்டிவிட்டுப் போனார் வேலைக்காரர். ஏழெட்டு மாதம் ஒன்றும் தெரியவில்லை. மழைக்காலத்தில் ஒரு நாள் மாலை கருகல் நாற்றம் வந்தது. ஏணி வைத்து ஏறிப் பார்த்தபோது நாடா உருகி வழிந்து, நேர் கீழே அடுக்கியிருந்த 60-ஆம் நம்பர் நூல் சிப்பத்தின் மேற்காகிதம் பழுப்பேறியிருந்தது. அன்று மாலை காவற்காரர் ஊருக்குப் போயிருந்தால் நாற்பது தறிகளுக்குரிய பாவும் ஊடையும் சாம்பலாகியிருக்கும்.

இதன் காரணம் மூன்று. அலுமினியத்தின் மேல் தோல் மின்சாரத்தைக் கடத்தாது; ஆகவே இணைப்பிலே தடை மிகுந்து சூடு பிறக்கிறது. சூட்டில் அலுமினியம் அதிகமாக விரிய, ஆறினால் சுருங்க, மென்மையான அது நாளடைவில் நசுங்கிப் பிடி தளர்கிறது. ஈரமும் சேர்ந்துவிட்டால் செம்பும் அலுமினியமும் ஒரு மின்கலத்தின் இரு தகடுகள்போல் ஆகி, அலுமினியம் அரிக்கப்பட்டு வெண்பொடியாகிறது. இவை அனைத்தும் ஒன்றையொன்று வளர்ப்பன. அமெரிக்காவில் 1960-களின் நடுவில் செம்பின் விலை ஏறியபோது, ஏறத்தாழ 1965 முதல் 1973 வரை, ஏராளமான வீடுகளுக்கு அலுமினியக் கம்பியிட்டனர். பின்னர் அங்குள்ள நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையம் ஆராய்ந்து, 1972-க்கு முன் செய்யப்பட்ட அலுமினியக் கம்பியுள்ள வீடுகளில் இணைப்புகள் தீப்பிடிக்கத்தக்க நிலையை அடையும் வாய்ப்பு, செம்புக் கம்பியுள்ள வீடுகளைவிட 55 மடங்கு என்று கூறியது. பெரும் பணக்கார நாட்டிலேயே இப்படியென்றால், முறுக்கி ஒட்டும் நம் வழக்கத்தை என்னென்பது!

இரு உலோகமும் சேரவேண்டிய இடத்தில், ஒரு புறம் அலுமினியமும் மறு புறம் செம்புமாகச் செய்து விற்கும் இணைப்பு முனைகள் உண்டு. அலுமினிய முனையைச் சுரண்டிய உடனே அதற்குரிய பசையைத் தடவி, இறுக அழுத்திப் பொருத்த வேண்டும். திறந்தவெளியில் செம்பைக் கீழேயும் அலுமினியத்தை மேலேயும் அமைப்பது நன்று. செம்பின்மேல் ஓடிய மழைநீர் நுண்ணிய அளவில் செம்பைச் சுமந்து வரும்; அது அலுமினியத்தின்மேல் சொட்டினால் அவ்விடம் குழிவிழும். நூற்கிடங்கில் இணைப்பே வேண்டாம் என்பது நம் கருத்து; சுவருக்கு வெளியே பெட்டியில் முடித்துக்கொள்க.

மோட்டாருக்குக் காயில் கட்டிய கதை சுருக்கமானது. செம்புக்குப் பணம் வாங்கிக்கொண்டு அலுமினியக் கம்பியைச் சுற்றிவிட்டார் ஒருவர். காயில் கம்பியின்மேல் பூசும் வார்னிஷ் செம்பொன் நிறமாகையால் பார்வைக்கு இரண்டும் ஒன்றுபோலத் தெரியும். கத்தியால் ஓரிடத்தில் நன்கு சுரண்டி, வெட்டிய முனையையும் பார்த்தால் வெள்ளையா சிவப்பா என்பது புலனாகும். மேலே செம்புத் தோலும் உள்ளே அலுமினியமுமான கம்பியும் உண்டு. ஆதலின் முனையைப் பார்ப்பது அவசியம். எடையும் காட்டிக்கொடுக்கும். செம்புக்கென்று வெட்டிய காடியில் அதற்கு ஒத்த தடிப்புள்ள அலுமினியம் அடங்காது. மெல்லிய கம்பியைச் சுற்றினால் மோட்டார் சூடேறி, கோடைக்காலத்தில் நாள் முழுவதும் ஓடும்போது எரிந்துபோகும். அலுமினியத்துக்கென்றே வடிவமைத்த மோட்டார்களைப் பற்றி இங்கு நாம் குறை கூறவில்லை.

குண்டானுக்குத் திரும்புவோம். மயில்துத்தமும் சுண்ணாம்பும் கலந்த போர்டோ கலவையின் பிறப்பே ஒரு வேடிக்கை. பிரான்சின் மெடாக் பகுதியில் சாலையோரத் திராட்சைக் கொடிகளில் வழிப்போக்கர் பழம் பறித்துத் தின்னாதிருக்க, தோட்டக்காரர்கள் மயில்துத்தத்தையும் சுண்ணாம்பையும் கலந்து, பார்க்க நஞ்சுபோலத் தோன்றும்படி தெளித்து வைத்தனர். 1882-இல் அவ்வழியே சென்ற போர்டோ பல்கலைக்கழகத் தாவரநூற் பேராசிரியர் மிலார்டே, அடிச்சாம்பல் நோயால் மற்றக் கொடிகள் இலையுதிர்ந்து நிற்க, சாலையோரக் கொடிகள் மட்டும் பசுமையாயிருக்கக் கண்டார். சோதித்து 1885-இல் உலகுக்கு அறிவித்தார். திருடனுக்கு வைத்த பூச்சு நோய்க்கு மருந்தாயிற்று. செம்பு மிகச் சிறு அளவில் நீரில் கரைந்து பூசணத்தின் வித்துகளை முளைக்கவொட்டாமல் செய்கிறது. சுண்ணாம்பு அச்செம்பை இலையில் ஒட்டச்செய்து, இலை கருகாமலும் காக்கிறது.

நூற்றுக்கு 1 பங்குக் கலவைக்கு மயில்துத்தம் 1 கிலோ, நல்ல சுட்ட சுண்ணாம்பு 1 கிலோ, நீர் 100 லிட்டர். துத்தத்தை 50 லிட்டரிலும், சுண்ணாம்பை 50 லிட்டரிலும் தனித்தனியே கரைத்து, துத்தக் கரைசலைச் சுண்ணாம்புப் பாலில் ஊற்றிக்கொண்டே கலக்க வேண்டும், மாற்றி ஊற்றலாகாது. கலந்தபின் துலக்கிய இரும்புக் கத்தியை ஒரு நிமிடம் அமிழ்த்திப் பார்ப்பது நம் பெரியவர்களும் செய்யும் சோதனை. கத்தியில் செந்நிறம் ஏறினால் கரைந்த செம்பு மிஞ்சியிருக்கிறது. இன்னும் சுண்ணாம்பு வேண்டும். பயிருக்குப் பயிர் செறிவு மாறும். வெற்றிலைக் கொடியின் அடியில் ஊற்றுவதற்கு இதனினும் நீர்த்த கலவையே போதும்.

கத்தியில் செம்பு படிவது ஏன்? கரைசலில் உள்ள செம்பை இரும்பு வெளியே தள்ளிவிட்டுத் தான் கரைசலுக்குள் புகுகிறது. அலுமினியம் இவ்வேலையில் இரும்பைவிட வேகமுள்ளது. அதன் தோல் சிறிது நேரம் தடுத்து நிற்கும். கிணற்று நீரில் உப்பு இருந்தாலோ தோல் அங்கங்கே துளைபட்டு, அத்துளை வழியே அலுமினியம் கரைய, செம்பு செந்நிறப் படிவாய் வெளிவரும். நம் அங்கத்தினருடைய கிணறு கரிப்புக் கிணறு. இரவு முழுவதும் குண்டான் கரைந்தது. மருந்திலிருந்த செம்பு அடியில் படிந்தது. மறுநாள் அவர் கொடிக்கு ஊற்றியதில் நோயைத் தடுக்கப் போதிய செம்பு இல்லை. இதற்கு மேல் சுண்ணாம்பைப் பாத்திரத்தில் கலந்திருந்தால் அதுவும் காரமாகையால் அலுமினியத்தை அரித்திருக்கும். மண்தொட்டியோ, மரத்தொட்டியோ, பிளாஸ்டிக் பீப்பாயோதான் இதற்கு ஏற்றவை. இரும்பு வாளியும் ஆகாது.

செம்பு மருந்தாயிற்றே என்று அளவின்றி ஊற்றுவதும் தவறு. 1 கிலோ மயில்துத்தத்தில் ஏறத்தாழ 250 கிராம் செம்பு உண்டு. அது மண்ணைவிட்டு எங்கும் போவதில்லை. தலைமுறை தலைமுறையாகத் தெளித்த ஐரோப்பியத் திராட்சைத் தோட்டங்களில் மண்புழுவுக்கும் நுண்ணுயிருக்கும் ஊறு நேரும் அளவுக்குச் செம்பு சேர்ந்துவிட்டது. ஆதலால் ஐரோப்பிய ஒன்றியம் 2019 முதல், ஏழு ஆண்டுகளில் ஹெக்டேருக்கு 28 கிலோவுக்கு மேல் செம்பு இடலாகாது என்று வரம்பு கட்டியிருக்கிறது. பயிருக்குச் செம்பு சிறிது வேண்டும், மிகுந்தால் நஞ்சு. அலுமினியமோ பயிருக்கு வேண்டாத பொருள். நல்ல மண்ணில் அது கரையாமல் கிடக்கும். நீலகிரி போன்ற மலைப்பகுதிகளில் புளிப்பு மிகுந்த மண்ணில் கரைந்து வெளிப்பட்டு வேர் நுனியைக் குட்டையாக்கிவிடும். அங்கே சுண்ணாம்பு இடுவதன் நோக்கங்களுள் ஒன்று அலுமினியத்தை அடக்குவதே. தேயிலைச் செடி மட்டும் அதனைப் பொறுத்துக்கொண்டு வளரும். உதகையில் ஹைட்ரேஞ்சியாப் பூ நீலமாய்ப் பூப்பதும் இவ்வலுமினியத்தின் விளையாட்டே.

சாயப்பட்டறையில் இரண்டும் வேறு வேடம் பூணுகின்றன. படிகாரம் என்பது அலுமினியத்தின் உப்பு. சாயவேர்ச் சிவப்பு பருத்தியில் நிலைப்பதற்கு முன்னோர் நூலை முதலில் கடுக்காய் நீரில் தோய்த்து, பின்பு படிகாரம் ஏற்றினர். கடுக்காயின் துவர்ப்பு நூலைப் பற்ற, அதை அலுமினியம் பற்ற, அலுமினியத்தைச் சாயம் பற்றுகிறது. அலுமினியம் என்ற பெயரே பிறவாத காலத்தில் நம் சாயக்காரர் அதனைக் கையாண்டனர்! மயில்துத்தமும் சாயத்தைப் பிணைப்பதே. சில நேர்சாயங்களுக்கு வெயிலில் வெளுக்காத தன்மையைக் கொடுக்கும். ஆயினும் இயற்கைச் சாயத்தில் நிறத்தை மங்கலாக்கிப் பச்சை சாயச் செய்யும். கழிவுநீரில் போனால் மீனுக்குக் கேடு. படிகாரத்தால் ஆகும் நிறத்துக்குத் துத்தத்தை நாடாதிருப்பதே நன்று.

பாத்திரத் தேர்விலும் எச்சரிக்கை வேண்டும். பட்டுச் சாயமிடுவோர் செம்பு அண்டாவை விரும்புவது, சூடு எங்கும் ஒரே சீராகப் பரவுவதால். சில சாயங்களின் நிறம் செம்பு பட்டால் திரிந்துவிடும்; பெராக்சைடு இட்டு வெளுக்கும்போது செம்புத் துகள் இருந்தால் நூல் இற்றுப்போகும். அங்கே எவர்சில்வரே தகும். காஸ்டிக் சோடா சேரும் வாட் சாயத்துக்கு அலுமினியத்தைக் கனவிலும் நினைத்தல் கூடாது. பாத்திரம் கரைவதோடு, எரியும் வாயுவாகிய ஹைட்ரஜனும் பொங்கி எழும். பக்கத்தில் அடுப்பு இருக்கும்!

சரிகையைப் பற்றி ஒரு வார்த்தை. அசல் சரிகை என்பது பட்டிழையின்மேல் வெள்ளித் தகட்டிழையைச் சுற்றிப் பொன்முலாம் இட்டது. டெஸ்டட் சரிகையில் வெள்ளிக்குப் பதில் செம்புக் கம்பி, அதன்மேல் மெல்லிய வெள்ளிப் பூச்சு. பூச்சு தேய்ந்தால் வியர்வை பட்டுக் கறுத்துப் பச்சையாகும். பிளாஸ்டிக் சரிகையில் பாலியெஸ்டர் தாளின்மேல் அலுமினிய ஆவியைப் படியவைத்திருப்பர். அது எளிதில் கறுக்காது, எடையும் இல்லை, ஆனால் இஸ்திரிப் பெட்டிச் சூடு மிகுந்தால் சுருங்கும். ஆக, போலிச் சரிகையிலும் செம்பும் அலுமினியமும் போட்டியிடுகின்றன. சுரண்டினால் சிவப்புத் தெரிந்தால் அசல் என்று சொல்லிவருவதில் ஒரு நுட்பம் உண்டு. அசல் சரிகையில் தெரிய வேண்டிய சிவப்பு உள்ளிருக்கும் பட்டிழையின் சிவப்பு. உலோகமே சிவந்திருந்தால் அது செம்பு. ஓரிழையைத் தீயில் காட்டினால் பிளாஸ்டிக் உருகி உருண்டையாகும். போலியை விற்பது குற்றமன்று. போலியை அசல் என்று சொல்லி, நெசவாளர் கையில் கொடுத்து நெய்யச்செய்து, விற்ற பின்னர் வரும் பழியை அவர்மேல் ஏற்றுவதே குற்றம். ஆதலால் சரிகை வாங்கும் ஒவ்வொரு சிட்டையிலும் வகையை எழுதி வாங்குமாறு நெசவாளரைக் கேட்டுக்கொள்ளுகிறோம்.

சமையலறையைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. செம்பு, பித்தளைப் பாத்திரங்களில் கலாய் பூசாமல் புளி சேர்த்துச் சமைக்கலாகாது. அலுமினியத்திலும் புளிக்குழம்பை இரவு முழுதும் வைத்தல் வேண்டாம். செம்புக் குடத்தில் வைத்த நீரில் நோய்க்கிருமிகள் பல மடிவதை ஆராய்ச்சியாளர் கண்டுள்ளனர். என்றாலும் உலக சுகாதார நிறுவனம் குடிநீரில் லிட்டருக்கு 2 மில்லிகிராம் வரையே செம்பு இருக்கலாம் என்கிறது. குடத்தைத் துலக்கி, நீரை நாள்தோறும் மாற்றினால் போதும்.

இவ்விரு உலோகங்களும் நம் மண்ணிலே உண்டாக்கிய வாழ்வும் தாழ்வும் சொல்லாமல் விடத்தக்கவை அல்ல. ஏற்காட்டிலும் கொல்லிமலையிலும் வெட்டிய பாக்சைட்டைக் கொண்டு மேட்டூரில் 1965-இல் அலுமினியம் உருக்கத் தொடங்கினர். 1 கிலோ அலுமினியத்துக்கு ஏறத்தாழ 4 கிலோ பாக்சைட்டும், இக்கால உலைகளிலும் 13 முதல் 15 யூனிட் மின்சாரமும் வேண்டும். மின்சாரமே அதன் உயிர். மேட்டூர் உருக்காலை 2008-இல் நின்றுபோயிற்று. தூத்துக்குடியிலே செம்பு உருக்காலை 1990-களில் தொடங்கி, காற்றும் நீரும் கெடுகின்றன என்ற மக்களின் நெடுநாள் முறையீட்டுக்கிடையே நடந்துவந்தது. 2018 மே மாதத்தில் போராட்டத்தின்போது காவல்துறையினர் சுட்டதில் 13 பேர் உயிரிழந்தனர். அம்மாத இறுதியில் அரசு ஆணையால் ஆலை மூடப்பட்டது. நம் மோட்டாரில் சுற்றிய செம்புக்கும் இத்தகைய ஒரு வரலாறு உண்டு என்பதைக் கடைக்காரரின் சிட்டையில் காண இயலாது.

பழைய உலோகத்தை உருக்கி மீண்டும் பயன்படுத்துவதில் அலுமினியம் மிக நல்லது. மண்ணிலிருந்து எடுப்பதற்கு ஆகும் ஆற்றலில் நூற்றுக்கு 5 பங்கு மட்டுமே செலவாகும். நம் அங்கத்தினரின் குண்டான் சில வாரங்கள் நம் அலுவலகத்து மேசையின்மேல் இருந்தது. வந்தவர்க்கெல்லாம் துளைகளைக் காட்டினோம். தை மாதத்தில் அவர் வந்து அதனைப் பழைய இரும்புக் கடைக்கு எடுத்துக்கொண்டு போனார். அந்தப் பணத்தோடு கொஞ்சம் சேர்த்து, மருந்து கலக்க இரண்டு பிளாஸ்டிக் பீப்பாய்கள் வாங்கியிருப்பதாகச் சொன்னார். அழிந்த பாதிக் கொடிக்காலில் ஆவணியில் புதுக்கொடி நட எண்ணியிருக்கிறார்.